கீழ்பவானி வாய்க்கால்: கான்கிரீட்டா, மண் கரையா, மதகா?

எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் பத்து நாளாக மூன்று மனுக்கள் கிடக்கின்றன. மூன்றும் கீழ்பவானி வாய்க்காலைப் பற்றியவை, மூன்றிலும் ‘விவசாயிகள் நலன் கருதி’ என்ற வரி இருக்கிறது, கேட்பது மட்டும் ஆளுக்கு ஒன்று. முதல் மனு, வாய்க்கால் நெடுகக் கான்கிரீட் போட்டுவிடுங்கள் என்கிறது. இரண்டாவது, ஒரு சட்டி கான்கிரீட்கூட விழக்கூடாது, மண் வாய்க்கால் மண் வாய்க்காலாகவே இருக்கட்டும் என்கிறது. மூன்றாவதை எழுதியவர்கள், மெயின் வாய்க்காலை அப்புறம் பார்க்கலாம், மதகையும் கிளை வாய்க்காலையும் அதிலிருந்து வயலுக்குப் பிரிகிற கொப்பு வாய்க்காலையும் முதலில் சரிபண்ணுங்கள் என்கிறார்கள். எனக்குக் கையெழுத்து ஒன்றுதான். எதில் போடுவது என்று யோசித்ததை எழுதிப் பார்க்கிறேன், நம் பக்கத்தில் இதே குழப்பத்தில் இருக்கிறவர்கள் நிறையப் பேர்.

என் சுயநலத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் தோட்டம் ஈரோடு மாவட்டம் அரச்சலூர்ப் பக்கம். வாய்க்காலுக்குக் கீழேதான் இருக்கிறது, ஆனால் ஆயக்கட்டில், அதாவது வாய்க்கால் பாசனத்துக்கென்று பதிவான நிலங்களில், சேராதது. வாய்க்காலில் தண்ணீர் விட்டு மூன்றாவது வாரம் எங்கள் கிணற்றில் இரண்டு படி மேலே ஏறும், வாய்க்கால் நின்ற பிறகும் கொஞ்ச காலம் அந்தத் தண்ணீர் நிற்கும், அதை நம்பித்தான் மஞ்சளும் தென்னையும். அப்பாரு காலத்திலிருந்து அப்படித்தான். என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது கடைமடையில், அதாவது வாய்க்கால் முடிகிற கடைசிப் பகுதியில். மாமாவுக்கு ஆயக்கட்டு பாத்தியதை பட்டாவோடு இருக்கிறது, தண்ணீர்தான் சரியாக வருவதில்லை. போன பொங்கலுக்கு வந்தவர் சோற்றில் கை வைத்துக்கொண்டே கேட்டார்: “உன்ற கெணத்துல தண்ணி நிக்கோணும்னா என்ற வயலு காயோணுமா மாப்ளே?” எனக்குப் பதில் வரவில்லை. அக்கா ரசத்தை எடுத்துக்கொண்டு வந்ததால் தப்பித்தேன்.

வாய்க்காலைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பவானிசாகர் அணை 1948ல் தொடங்கி 1955ல் முடிந்தது, 105 அடி நீர்மட்டம், 32.8 டி.எம்.சி. கொள்ளளவு (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). அங்கிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் சத்தியமங்கலம், கோபி, பெருந்துறை, ஈரோடு, கொடுமுடிப் பக்கங்களைத் தொட்டு கரூர் மாவட்டம் வரை 200 கிலோமீட்டர் ஓடுகிறது. மேட்டை ஒட்டி, சமமட்டத்தில், பாம்பு மாதிரி வளைந்து. அதனால் நெடுகிலும் ஒரு பக்கம் மேடு, இன்னொரு பக்கம் சரிவு, அந்தச் சரிவு நிலம்தான் ஆயக்கட்டு: 2,07,000 ஏக்கர். மொத்தத்துக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கத் தண்ணீர் கிடையாது என்பதால் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்து, ஒரு பாதிக்கு ஆகஸ்ட் 15 முதல் 120 நாள் நெல்லுக்கு, மறுபாதிக்கு ஜனவரியிலிருந்து கடலை, எள் மாதிரியான புன்செய்க்கு. அடுத்த வருஷம் பாதிகள் மாறிக்கொள்ளும். நெல்லுக்கு 24 டி.எம்.சி., புன்செய்க்கு 12.

இந்த 24ஐ ஒரு நாள் ராத்திரி காகிதத்தில் வகுத்துப் பார்த்தேன். வாய்க்காலின் கொள்ளளவு வினாடிக்கு 2,300 கன அடி, அதை 120 நாள் ஓட்டினால் கிட்டத்தட்ட 24 டி.எம்.சி., சரியாக வருகிறது. அதை 1,03,500 ஏக்கருக்குப் பங்கிட்டால் ஏக்கருக்கு ஐந்தேகால் அடி உயரத் தண்ணீர்! நெல்லுக்கு நாலு அடி இருந்தால் தாராளம், அதுவும் அந்த நாலு மாதத்தில் ஐப்பசி மழை வேறு வந்து போகிறது. அப்படியிருந்தும் கடைமடையில் பயிர் வாடுகிறது. அப்படியானால் அணைக்கும் வயலுக்கும் நடுவில் எங்கோ தண்ணீர் போகிறது. கசிந்து போகிறதா, யாராவது எடுத்துக்கொள்கிறார்களா, தலைப்பக்கத்து வயல்களில் தேவைக்கு மேல் நிற்கிறதா? மூன்று மனுவுக்கும் உள்ள சண்டை இந்த ஒரு கேள்வியில்தான். கான்கிரீட்காரர்கள் கசிவு என்கிறார்கள், மதகுக்காரர்கள் மற்ற இரண்டும் என்கிறார்கள், மண் கரைக்காரர்கள் கசிவே பாசனம்தான் என்கிறார்கள்.

முதல் மனுவை எடுத்துக்கொள்வோம். இதற்கு அரசாங்கமும் பின்னால் நின்றது. 2020ல் அரசாணை 276 வந்தது, 2021 பிப்ரவரியில் பிரதமர் கோவையில் அடிக்கல் நாட்டினார், நபார்டு வங்கிக் கடனில் 934 கோடி ரூபாய், வாய்க்காலுக்குக் கான்கிரீட், அதோடு 824 மதகுகள், 176 வடிகால்கள், 32 பாலங்கள் என்று அன்றைக்குச் சொன்னார்கள். அதற்குப் பிறகு நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு தரப்பு வேலையை உடனே தொடங்கு என்று உயர் நீதிமன்றம் போனது, நீதிமன்றமும் தொடங்கச் சொன்னது, இன்னொரு தரப்பு அரசாணையை ரத்து செய் என்று 2023ல் உண்ணாவிரதம் இருந்தது. ஒரே வாய்க்கால், ஒரே சாதிசனம், கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் இரண்டு பந்தலில் உட்கார்ந்தார்கள்.

கான்கிரீட்டின் நியாயத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எழுபது வருஷ மண் கரை. மண்ணைக் கொட்டி உயர்த்திய இடங்களில், அதாவது பள்ளத்தைத் தாண்டிப் போவதற்காக இரண்டு ஆள் உயரம் கரை எழுப்பிய இடங்களில், எலி வளையும் மரவேரும் போதும் கரை வாங்கிக்கொள்வதற்கு. உடைந்தால் கீழே இருக்கிற வயலும் வீடும் மட்டும் போவதில்லை, அடைத்து முடிக்கும் வரை தலைமதகை மூடிவிடுவார்கள், அதற்குக் கீழே உள்ள அத்தனை மைலும் காயும். கடைமடைக்காரனுக்கு நட்ட பயிரோடு அந்த ஒரு வாரம் என்பது சின்ன விஷயம் இல்லை. அப்புறம் வேகம். மண்ணும் புல்லும் தண்ணீரைப் பிடித்து இழுக்கும், கான்கிரீட்டில் வழுக்கிக்கொண்டு ஓடும். திறந்த தண்ணீர் சீக்கிரம் கடைசிக்குப் போய்ச் சேரும். என் மாமா இதற்காகவே முதல் மனுவில் போட்டுவிட்டார், அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் அந்த வேகத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மனு எழுதியவர்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை. வாய்க்கால் அகலம் அதே, விடுகிற தண்ணீரின் அளவு அதே, ஓட்டம் மட்டும் வேகமானால் மட்டம் தாழும். பழைய மதகுகள் பழைய மட்டத்துக்கு வைத்தவை. மட்டம் ஒரு அடி தாழ்ந்தால் மேட்டு மதகுகளில் தண்ணீர் ஏறாது. அதனால் கான்கிரீட் போட்டால் மதகை எல்லாம் இறக்கி வைத்தாக வேண்டும், அல்லது ஆங்காங்கே குறுக்கே தடுப்பு வைத்து மட்டத்தைத் தூக்க வேண்டும், தூக்கினால் நாம் காசு கொடுத்து வாங்கிய வேகம் போச்சு. இதற்கு வழி இல்லாமல் இல்லை, பொறியாளர்கள் செய்துவிடுவார்கள். ஆனால் கான்கிரீட் முதலில், மதகு பிறகு என்ற வரிசையில் செய்தால் நடுவில் ஒன்றிரண்டு வருஷம் யார் வயல் காயும் என்பதை இப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று காலம். இரண்டு போகத்துக்கும் தண்ணீர் ஓடுகிற வருஷத்தில் வாய்க்கால் காய்ந்து கிடப்பது மே முதல் ஆகஸ்ட் நடுவரைதான். அந்த மூன்றரை மாதத்துக்குள் ஜே.சி.பி.யை இறக்கி, கரையைச் செதுக்கி, கான்கிரீட் போட்டு, அதற்குத் தண்ணீர் விட்டு ஆறவைத்து வெளியே வர வேண்டும். அவசரத்தில் போட்ட கான்கிரீட் எப்படி இருக்கும் என்பதற்கு நான் சாட்சி. எங்கள் பக்கத்தில் ஒரு கொப்பு வாய்க்காலுக்கு யாரோ ஒரு ஒப்பந்ததாரர் இரண்டு வாரத்தில் போட்டுவிட்டுப் போனார், மூன்றாம் வருஷம் அடியில் மண் இறங்கிப் பலகை பலகையாகத் தொங்கியது, இப்போது அந்தச் சந்தில் பாம்பு இருக்கிறது. தண்ணீர் நின்ற பிறகு கரைக்குப் பின்னால் ஊறியிருக்கிற நீர் உள்பக்கமாக அழுத்தும். அது வெளியேற ஓட்டை விடாவிட்டால் கான்கிரீட் புடைத்துக்கொண்டு வரும், ஓட்டை விட்டால் அதை வருஷா வருஷம் அடைப்பு எடுக்க ஆள் வேண்டும். கான்கிரீட் போட்டால் பராமரிப்பு மிச்சம் என்று சொல்கிறவர்கள் பி.ஏ.பி.யின், அதாவது பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டத்தின், காண்டூர் கால்வாயை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். 49 கிலோமீட்டர் மலையோரக் கால்வாய், கான்கிரீட் பெயர்ந்து, கோடிக்கணக்கில் கொட்டி, வருஷக்கணக்கில் கட்டம் கட்டமாகப் புதுப்பித்தார்கள். அதே பி.ஏ.பி.யில் வெள்ளகோவில் கிளைக்காரர்கள் பங்குத் தண்ணீர் வரவில்லை, நடுவில் திருடுகிறார்கள் என்று தெருவுக்கு வந்து போராடினார்கள். மேலே கான்கிரீட் போட்டுவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் தானாக வந்துவிடாது என்பதற்கு வேறு ஊருக்குப் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை.

மரம், மாடு, மனுஷன் மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரையில் நிற்கிற மரங்கள் போகும். மண் கரையில் தவறி விழுந்தவன் புல்லைப் பிடித்து ஏறிவிடுவான், வழவழவென்ற சரிவில் மாடும் ஏறாது, குழந்தையும் ஏறாது. படிக்கட்டு வைக்கச் சொல்லலாம், வைப்பார்கள் என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது இரண்டாவது மனு. இதன் உயிர் கசிவில் இருக்கிறது. நானும் இதில் பங்காளி.

வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் கீழ்பவானி மேலே போகிறது, அதற்குக் கீழே பவானி, காவிரி ஓரமாகக் காலிங்கராயன் வாய்க்கால் போகிறது, எழுநூறு வருஷத்துக்கு மேல் பழையது, இன்றைக்கும் 15,743 ஏக்கருக்குப் பாய்கிறது. மேலே கசிந்த தண்ணீர் கிணறுகளில் ஏறுகிறது, மிச்சம் ஓடைகளிலும் பள்ளங்களிலும் ஊறி இறங்கிக் கடைசியில் ஆற்றுக்கே போகிறது. வழியில் குட்டைகள், கசிவு நீரை நம்பிய வயல்கள், ஊர்க் குடிநீர்க் கிணறுகள். கணக்குப் புத்தகத்தில் ‘இழப்பு’ என்று எழுதியிருக்கிற தண்ணீர் நிலத்தில் யாரோ ஒருவருடைய மாட்டுத் தொட்டியில் இருக்கிறது. அதை மிச்சம் பிடிக்கிறோம் என்றால் அந்தத் தொட்டியிலிருந்து எடுத்து வேறு தொட்டியில் ஊற்றுகிறோம் என்றுதான் அர்த்தம். அது சில சமயம் நியாயமாகக்கூட இருக்கலாம், ஆனால் புதிதாகத் தண்ணீர் உண்டாக்கிவிட்டோம் என்று யாரும் சொல்லக்கூடாது.

இதில் எனக்கு உறுத்துகிற ஒரு வேடிக்கை உண்டு. அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. ரூ.1,916 கோடி. பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வருகிற உபரித் தண்ணீரில் 1.5 டி.எம்.சி.யை எடுத்து, ஆறு நீரேற்று நிலையம் வைத்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் குழாய் பதித்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 ஏரி குளம் குட்டைகளுக்கு ஏற்றுகிறார்கள். எதற்கு? நிலத்தடி நீர் ஊறட்டும் என்று. நல்ல திட்டம், அறுபது வருஷமாக அந்தப் பக்கத்து ஜனங்கள் கேட்டது, நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் கீழ்பவானியில் நெல் போகத்துத் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு கசிகிறது என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால்கூட 2.4 டி.எம்.சி. ஆகிறது. மோட்டார் இல்லை, கரண்ட் பில் இல்லை, சரிவில் தானாக ஊறுகிறது. ஒரு பக்கம் கரண்ட் செலவு பண்ணித் தண்ணீரை மேட்டில் ஏற்றி மண்ணுக்குள் விடுகிறோம், இன்னொரு பக்கம் தானாக மண்ணுக்குள் போவதை அடைக்கக் கடன் வாங்குகிறோம். அவிநாசிப் பக்கத்தில் அதற்கு ‘நிலத்தடி நீர் செறிவூட்டல்’ என்று பெயர், அரச்சலூரில் ‘கசிவு இழப்பு’. நிலைத்த வளர்ச்சி என்று திட்ட அறிக்கையில் ஒரு அத்தியாயம் எழுதுகிறவர்கள் இரண்டு கோப்பையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால் தேவலை. சிமென்ட் தயாரிக்கும்போது வெளியேறுகிற கரியமில வாயுவை எல்லாம் அப்புறம் பேசலாம்.

ஆனாலும் இரண்டாவது மனுவில் நான் போட மாட்டேன். ‘எதையும் தொடாதே’ என்பது கசிவை மட்டும் காப்பாற்றவில்லை, திருட்டையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது. கரைக்கடியில் குழாயைச் செருகி ராத்திரியில் மோட்டார் போடுகிறவனும் அந்தப் பந்தலில்தான் உட்கார்ந்திருக்கிறான், கசிவு கசிவு என்று அவன் போடுகிற கோஷம்தான் சத்தமாகவும் இருக்கிறது. அதோடு உயர்கரைகளை எழுபது வருஷம் தாங்கிற்று, இன்னும் தாங்கும் என்று விடுவது சூதாட்டம். எனக்குக் கிணற்றில் தண்ணீர் வருவது என் உரிமையா, வழக்கமா என்று கேட்டால் வழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். மாமாவுக்கு இருப்பது உரிமை. நிலம் எழுதிக் கொடுத்து, வாய்க்கால் வெட்டும்போதே ஆயக்கட்டில் சேர்த்த நிலம் அது.

சரி, மூன்றாவது. பார்வைக்கு ரொம்பச் சாதாரணமான மனு, அடிக்கல் நாட்டப் பெரிய ஆட்கள் வர மாட்டார்கள். மதகுகளை மாற்று, பூட்டு, ஒவ்வொரு கிளை வாய்க்கால் தலைப்பிலும் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளக்க வழி வை, அந்த அளவை ஊர்ச் சாவடியில் எழுதிப் போடு, தூர் வாரு, கொப்பு வாய்க்கால் ஆக்கிரமிப்பை எடு. நான் மேலே சொன்ன ஐந்தேகால் அடிக் கணக்கில் தண்ணீர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இருபதாவது மைலில் இவ்வளவு, அறுபதாவது மைலில் இவ்வளவு, கடைசியில் இவ்வளவு என்று இரண்டு போகம் அளந்து எழுதினால், கசிவு எவ்வளவு, மதகில் கூடுதலாக இழுத்தது எவ்வளவு என்று பிரிந்துவிடும். அதைச் செய்யாமலே முழு நீளத்துக்கும் கான்கிரீட் என்பது, காய்ச்சல் எதனால் என்று பார்க்காமலே ஆபரேஷன் தேதி குறிக்கிற மாதிரி.

கஷ்டம் என்னவென்றால், மதகு என்பது இரும்பு மட்டும் இல்லை, ஆள். சாவி யார் கையில் என்பதுதான் முழு விஷயமும். எங்கள் கிளையில் மதகுக்குப் பூட்டுப் போட்ட மறுவாரம் பூட்டு இருந்தது, கதவின் அடிப்பலகையைக் காணோம். தண்ணீர் விடுகிற ஆட்களும் முன்னைப்போல் இல்லை, பல மைலுக்கு ஒருத்தர், அவரும் மோட்டார் சைக்கிளில் வந்து போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். கான்கிரீட் ஒருதடவை போட்டால் நின்றுகொண்டிருக்கும், யாரும் தினமும் அதனோடு சண்டை போட வேண்டியதில்லை. அதிகாரிகளுக்கு அது பிடிப்பதில் ஆச்சரியம் இல்லை. மூன்றாவது மனு ஜெயிக்க வேண்டுமானால் கடைமடைக்காரர்கள் நாலு பேர் தலைப்பக்கத்து மதகுக்கு வந்து நின்று அளவைப் பார்க்கிற உரிமை வேண்டும், நாம் அதைச் சகித்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் மதகில் அடுத்த ஊர்க்காரன் வந்து நிற்பதா என்று இப்போதே இரண்டு பேர் மீசையை முறுக்குகிறார்கள்.

சொட்டுநீர் போடச் சொல்லி நாலாவது யோசனை ஒன்றும் பேச்சில் அடிபடுகிறது. சிறு குறு விவசாயிக்கு முழு மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம், மஞ்சளுக்கும் வாழைக்கும் தென்னைக்கும் பிரமாதமான சங்கதி, நானே போட்டிருக்கிறேன். வாய்க்காலில் முறை வைத்து வருகிற தண்ணீரில் நெல் போடுகிற ஆயக்கட்டுக்கு அது பதில் இல்லை, கிணறோ தொட்டியோ நடுவில் வேண்டும். விட்டுவிடலாம்.

ஆக என் கணக்கு இப்படி வந்து நிற்கிறது. அடிப்படை மூன்றாவது மனு. அதில் முதல் மனுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்ட வேண்டும்: மண் கொட்டி உயர்த்திய கரை, பாலத்தின் இரண்டு பக்கமும், அடிக்கடி உடைப்பு எடுத்த இடங்கள், இங்கெல்லாம் பக்கக் கரைக்குக் கான்கிரீட்டோ கல்கட்டோ போடட்டும். நிலத்தை வெட்டி வாய்க்கால் எடுத்த இடங்களில் தொட வேண்டாம். வாய்க்காலின் அடித்தளத்தில் எங்கேயும் போட வேண்டாம், கசிவு பெரும்பகுதி அப்படியே இருக்கும். இரண்டு போகம் அளந்த பிறகு, கசிவால்தான் கடைமடை காய்கிறது என்று எண் சொன்னால் நான் என் கிணற்றை மறந்துவிட்டு முதல் மனுவில் போடுகிறேன், எழுதியே தருகிறேன். எண் வேறு மாதிரி சொன்னால் மீசை முறுக்குகிறவர்கள் மதகுக் கதவைத் திருப்பிக் கொண்டுவந்து மாட்ட வேண்டும்.

நேற்று ராத்திரி மாமாவுக்குப் போன் போட்டு இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டார்: “வேலைய எங்கிருந்து மாப்ளே ஆரம்பிப்பாங்க?” தலைமதகிலிருந்துதான், எப்போதும் அப்படித்தானே என்றேன். “அதான். அங்கிருந்து ஆரம்பிச்சு, பாதி தூரம் வந்ததும் பணம் தீந்து போச்சும்பாங்க. என்ற மதகுல இருந்து மேல போகச் சொல்லு, உன்ற மனுவுல நானும் போடறேன்” என்றார்.

அதை நான் யோசிக்கவே இல்லை. மனுவில் ஏழாவதாகக்கூட அந்த வரி இல்லை. இன்றைக்குக் காலையில் டீக்கடையில் பேனா வாங்கி, ‘பணிகள் கடைமடையிலிருந்து தொடங்கித் தலைப்பை நோக்கி வர வேண்டும்’ என்று முதல் வரியாக எழுதி வைத்திருக்கிறேன். மனு எழுதியவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள்தான், பாதிப்பேர் தலைப்பக்கத்தில் நிலம் வைத்திருக்கிறவர்கள். சாயங்காலம் கூடுகிறார்கள். அந்த வரியை அடிக்காமல் விட்டால் நாளைக்குக் கையெழுத்து.